தூக்கிப் போட்டு ஓடியவர்களும் நின்று காப்பாற்றியவர்களும்

போன மாதம் எங்கள் கல்லூரி பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு விபத்து. பைக்கில் வந்தவர் மணலில் சறுக்கி விழுந்துவிட்டார். யாரோ 108-க்கு போன் செய்தார்கள். வண்டி வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரே சத்தம். "தூக்கிப் போட்டுக்கிட்டு சீக்கிரம் போங்கப்பா, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க!"

வண்டியிலிருந்து இறங்கியவருக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும். அவர் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. முதலில் கையுறை மாட்டினார். விழுந்தவரிடம் பெயர் கேட்டார். மூச்சைப் பார்த்தார். கழுத்து அசையாமல் இருக்க ஒரு பட்டை மாட்டினார். அதற்குப் பிறகுதான் எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு, யார் எங்கே பிடிக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று சொல்லி ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார். எல்லாம் சில நிமிடங்கள்தான். கூட்டத்துக்கு அதுவே ரொம்ப நேரமாகத் தெரிந்தது. "டிரைவர் கூட வர்ற பையன், டாக்டர் மாதிரி பண்றான் பாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் டிரைவரும் இல்லை, டாக்டரும் இல்லை. அப்படியானால் அவர் யார்? இப்படி ஒரு வேலை உலகத்தில் எப்போது உருவானது? டாக்டர் இல்லாத ஒருவர் நடுரோட்டில் ஒரு உயிரைத் தொட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று முதலில் யார் சொன்னார்கள்? தேடிப் படிக்கும்போது அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரின் கதை கிடைத்தது. படித்து முடித்தபோது பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்து நிலைமையைத் தெரிந்துகொள்வோம். இன்று அமெரிக்க ஆம்புலன்ஸ் என்றால் சினிமாவில் பார்க்கிற நவீன வண்டி நினைவுக்கு வரும். 1960களில் அப்படி இல்லை. 1966ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. 1965ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்தார்கள், அதில் 49,000 பேர் வாகன விபத்தில் இறந்தவர்கள் என்று அது சொன்னது. அதைவிட அதிர்ச்சியான தகவல் ஒன்றும் அதில் இருந்தது. நாட்டில் இருந்த ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் யார் தெரியுமா? ஈமச்சடங்கு செய்யும் நிறுவனத்தார்! சுமார் 12,000 பேர். காரணம் ரொம்ப சாதாரணம். ஒரு ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அமரர் ஊர்தியே ஆம்புலன்ஸாகவும் ஓடியது. பிழைத்தால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் வண்டியைத் திருப்ப வேண்டிய வேலைகூட இல்லை.

கொரியா, வியட்நாம் போர்முனைகளிலிருந்து திரும்பிய நிபுணர்கள், பலத்த காயம் பட்டால் நகரத்துத் தெருவைவிடப் போர்க்களத்தில்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னதாகவும் அதே அறிக்கையில் இருக்கிறது.

பிட்ஸ்பர்க்கில் இந்த வேலையைப் போலீஸ் செய்தது. கைதிகளை ஏற்றுகிற வேனிலேயே நோயாளியையும் ஏற்றுவார்கள். கேன்வாஸ் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, இரண்டு போலீஸ்காரர்களும் முன்சீட்டில் உட்கார்ந்து வேகமாக ஓட்டுவார்கள். பின்னால் நோயாளி தனியாகக் கிடப்பார். மூச்சு நின்றாலும் பார்க்க ஆள் இல்லை. எங்கள் பஸ் ஸ்டாப்பில் கூட்டம் கேட்டதும் இதைத்தானே! தூக்கிப் போட்டு ஓடு. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேகம் மட்டுமே உயிரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைதான் தப்பு.

1966 நவம்பர் 4 அன்று அந்தத் தப்பு ஊருக்கே தெரிந்தது. டேவிட் லாரன்ஸ் என்பவர் பிட்ஸ்பர்க்கின் முன்னாள் மேயர், பென்சில்வேனியா மாநிலத்தின் முன்னாள் கவர்னர். ஒரு தேர்தல் கூட்டத்தில் மாரடைப்பு வந்து மேடையிலேயே சாய்ந்தார். போலீஸ் வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு திரும்பியது, ஆனால் அதற்குள் பிராணவாயு கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. நினைவு திரும்பாமலே நவம்பர் 21 அன்று இறந்தார். அந்த ஊரில் அவரைவிடச் செல்வாக்கான ஆள் கிடையாது. அவருக்கே கிடைத்தது அந்த வேன்தான்.

அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களில் ஒருவர் பீட்டர் சஃபார். இவர் 1924ல் வியன்னாவில் பிறந்தவர், மயக்க மருந்து நிபுணர். 1950களின் கடைசியில் பால்டிமோரில் இவர் செய்த ஆராய்ச்சிகள்தான், வாயோடு வாய் வைத்து ஊதினால் மூச்சு நின்றவரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று நிரூபித்தன. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று வரிசைப்படுத்திய சிபிஆர் முறை இவரால்தான் பரவியது. அந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டாக்டர்கள் மட்டும் அல்ல, சாதாரண ஆட்களும் இதைக் கற்றுக்கொண்டு சரியாகச் செய்ய முடியும் என்பதையும் அவர் சேர்த்தே காட்டினார்.

அந்த 1966 சஃபாருக்கும் கொடுமையான வருடம். அவருடைய 11 வயது மகள் எலிசபெத் ஆஸ்துமா வந்து இறந்துபோனாள். உலகத்துக்கே மூச்சு கொடுக்கச் சொல்லித் தந்தவர் வீட்டில் இப்படி நடந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்னால் நடப்பதை மாற்றாமல் உள்ளே எவ்வளவு நல்ல வைத்தியம் இருந்தும் பயனில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

இப்போது ஊரின் இன்னொரு பக்கம். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது பிட்ஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. நகர மேம்பாடு என்ற பெயரில் 1950களில் அதன் ஒரு பகுதியை இடித்து, சுமார் 8,000 பேரை வெளியேற்றி, ஒரு பெரிய விளையாட்டரங்கம் கட்டினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வேலை இல்லை. உடம்பு சரியில்லை என்றால் கூப்பிட வேண்டியது போலீசை. அந்தப் போலீஸ் மீது அவர்களுக்கு நம்பிக்கையும் இல்லை. அந்த வேனில் ஏறவே பயந்தார்கள்.

ஃபில் ஹாலன் என்பவர் ஒரு மருத்துவ அறக்கட்டளையின் தலைவர், முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அந்தப் பகுதிக்கு ஒரு ஆம்புலன்ஸ் சேவை வேண்டும், அதில் அந்தப் பகுதி ஆட்களுக்கே வேலை கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். சஃபாரிடம் போனார். ஹில் டிஸ்ட்ரிக்ட்டில் வேலைவாய்ப்புக்காக ஏற்கனவே இயங்கி வந்த 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1967ல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது.

சேர்ந்தவர்கள் யார்? பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், சிறைக்குப் போய் வந்த சிலர். 'வேலைக்கே லாயக்கில்லாதவர்கள்' என்று அரசாங்கக் கணக்கு சொன்ன இளைஞர்கள். சஃபார் அவர்களுக்காகப் பாடத்தை எளிதாக்கவில்லை. இதுதான் முக்கியம். 32 வாரம், சுமார் 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறியல், உடலியங்கியல், சிபிஆர், மேம்பட்ட முதலுதவி, செவிலியர் வேலை, பாதுகாப்பாக வண்டி ஓட்டுவது எல்லாம் அதில் இருந்தன. ஆஸ்பத்திரி வார்டுகளில் நேரடிப் பயிற்சியும் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் அதையும் முடிக்க உதவி கிடைத்தது. முதலுதவி வகுப்பு ஒன்றை முடித்திருந்தாலே ஆம்புலன்ஸில் ஏறலாம் என்று இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியையும் மாற்றினார்கள். நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து மூச்சுப்பாதையைக் கவனிக்க இடம் வேண்டும் என்று சஃபார் வடிவமைத்தார். போலீஸ் வேனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு இருக்கைதான் என்றுகூடச் சொல்லலாம். பின்னால் ஒரு ஆள் இருக்கிறார்.

1968ல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதல் வருடத்தில் மட்டும் 5,868 அழைப்புகள். சுமார் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று சஃபார் கணக்கிட்டார். 1972ல் ஒரு ஆய்வு நடந்தது. ஆபத்தான நிலையில் இருந்த நோயாளிகளுக்குச் சரியான சிகிச்சை தரப்பட்டதா என்று பார்த்தார்கள். ஃப்ரீடம் ஹவுஸ் 89 சதவீதம் சரியாகச் செய்திருந்தது. போலீஸ் 38 சதவீதம். தன்னார்வ ஆம்புலன்ஸ்கள் 13 சதவீதம்.

அந்தக் காலத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஜான் மூன். ஒரு ஆஸ்பத்திரியில் கடைநிலை உதவியாளராக இருந்தார். ஒரு நாள் சீருடையில் இரண்டு கறுப்பின இளைஞர்கள் நோயாளியுடன் உள்ளே வந்து, நிமிர்ந்து நின்று, நர்ஸிடம் விவரம் சொல்லி ஒப்படைத்ததைப் பார்த்தார். மற்றவர்கள் அவர்கள் பேச்சை மரியாதையாகக் கேட்டார்கள். நானும் இப்படி ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தெருவில் வைத்தே நோயாளியின் மூச்சுக்குழாயில் குழாய் செருகிய முதல் பாராமெடிக்குகளில் ஒருவர் அவர். அதுவரை ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள் மட்டும் செய்த வேலை அது.

இங்கே ஒரு கேள்வி வரும். டாக்டர் இல்லாத ஆள் இதைச் செய்வது சட்டப்படி சரியா? நோயாளிக்குப் பாதுகாப்பா? நியாயமான கேள்வி. பயிற்சி, ஆய்வு எல்லாம் இருந்தும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. 1970ல் கலிபோர்னியா மாநிலம்தான் முதன்முதலாக பாராமெடிக்குகள் சிகிச்சை தர அனுமதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஒரு டாக்டரின் பொறுப்பில், அவர் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. பாராமெடிக் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்ய முடியாது. எந்த நிலையில் என்ன செய்யலாம் என்பதற்கு எழுதி வைத்த முறை இருக்கும். அதைத் தாண்டினால் ரேடியோவில் டாக்டரைக் கேட்க வேண்டும். செய்ததை எழுதி வைக்க வேண்டும். அதை டாக்டர் திரும்பப் படித்துப் பார்ப்பார்.

ஃப்ரீடம் ஹவுஸில் இந்த வேலையை எடுத்துக்கொண்டவர் நான்சி கரோலின். சஃபாரிடம் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர். 1974ல் அவர் மருத்துவ இயக்குநர் ஆனார். அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவு போடவில்லை. வண்டியில் கூடவே போனார். அவர்கள் செய்வதைப் பார்த்தார், தப்பு இருந்தால் திட்டினார், திரும்பச் சொல்லிக்கொடுத்தார். பாராமெடிக்குகளுக்கான தேசியப் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பை மத்திய போக்குவரத்துத் துறை அவரிடம் கொடுத்தது. அதை அவர் எழுதியதும் சோதித்துப் பார்த்ததும் ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களோடுதான். 1979ல் வெளிவந்த அவருடைய பாடப்புத்தகத்தைப் படித்துத்தான் பல தலைமுறை பாராமெடிக்குகள் இந்த வேலைக்கு வந்தார்கள்.

இதுவரை பெருமைக் கதை. இனிமேல் கோபக் கதை.

நகர நிர்வாகத்துக்கு இந்தச் சேவை ஒருபோதும் பிடிக்கவில்லை. போலீசுக்குத் தங்கள் வேலை போகிறதே என்ற வருத்தம். 1970ல் மேயராக வந்த பீட்டர் ஃப்ளாஹெர்ட்டி இதை வளர விடவில்லை. நகரம் தர வேண்டிய பணம் தாமதமானது. நகரின் மையப்பகுதியில் சைரன் போடக்கூடாது என்றுகூட ஒரு தடை வந்தது. ஆம்புலன்ஸ் சைரன் போடக்கூடாதாம்! தங்களைத் தொடக்கூடாது என்று சொன்ன வெள்ளைக்கார நோயாளிகளும் இருந்தார்கள். அதே சமயம், அவசரத்துக்குப் போன் செய்து 'போலீஸ் வேண்டாம், ஃப்ரீடம் ஹவுஸை அனுப்புங்கள்' என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

கடைசியில் நகரமே சொந்தமாக ஒரு ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கியது. 1975 அக்டோபர் 15 அன்று ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களைப் புதிய துறையில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிரிக்கக் கூடாது என்று நான்சி கரோலின் நிபந்தனை வைத்தார். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நடந்தது வேறு. குழுக்களைப் பிரித்தார்கள். அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே போட்டார்கள். அவர்கள் படித்தே இராத பாடங்களில் தேர்வு வைத்தார்கள், தோற்றவர்களை அனுப்பினார்கள். பழைய போலீஸ் வழக்கு இருந்தவர்களையும் அனுப்பினார்கள். பல வருடம் உயிர்களைக் காப்பாற்றியபோது குறுக்கே வராத வழக்கு, அப்போது மட்டும் ஞாபகம் வந்தது. ஒரே வருடத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். நாடு முழுவதற்கும் பாடத்திட்டம் எந்த ஆட்களை வைத்து எழுதப்பட்டதோ, அந்த ஆட்களே 'தகுதி போதாது' என்று வீட்டுக்குப் போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. தேர்வு வேண்டாம், விதி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்தத் தொழிலே விதியாலும் தேர்வாலும்தான் உருவானது. போலீஸ் வேனில் குறைந்தது அதுதானே. அப்படியானால் 1967ல் சஃபார் வைத்த தேர்வுக்கும் 1975ல் நகரம் வைத்த தேர்வுக்கும் என்ன வித்தியாசம்?

நான் புரிந்துகொண்டது இது. சஃபார் முதலில் சொல்லிக்கொடுத்தார், பிறகு தேர்வு வைத்தார். நோயாளி பிழைக்க எது தேவையோ அதைக் கேட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் கற்றுக்கொள்ளாமல் யாரும் வண்டியில் ஏற முடியாது. நகரம் சொல்லிக்கொடுக்காமலே தேர்வு வைத்தது. முதலாவது நோயாளிக்கான விதி. இரண்டாவது சிலரை வெளியே நிறுத்துவதற்கான விதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் 'தரம்' என்ற சொல் வரும். யாருடைய நன்மைக்காக அந்தத் தரம் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

ஜான் மூன் மட்டும் விடவில்லை. அவமானங்களைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அவர்கள் வைத்த தேர்வுகளை எல்லாம் எழுதினார். படிப்படியாக உயர்ந்து, துறையின் உதவித் தலைவராகி, 2009ல் ஓய்வு பெற்றார். கறுப்பின இளைஞர்களை மீண்டும் அந்தத் துறைக்குள் கொண்டுவருவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அவருடன் வேலை செய்த மிட்செல் பிரவுன் பிறகு ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் பொதுப் பாதுகாப்புத் துறைக்கே இயக்குநர் ஆனார். 'லாயக்கில்லாதவர்கள்' என்று சொல்லப்பட்டவர்கள் இவர்கள்தான்.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008ல். அந்த வண்டியில் வருகிறவர்களின் வேலை ஒரு தொழிலாகச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது இன்னும் தாமதமாகத்தான். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அவசர மருத்துவப் பணியாளர்களும் இடம் பெற்றார்கள். பிட்ஸ்பர்க்கில் முதல் வகுப்பு நடந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் போதாது. நல்ல பயிற்சி, தொடர்ந்து மேற்பார்வை, ஒழுங்கான சம்பளம், பொதுமக்களிடம் மரியாதை எல்லாம் சேர்ந்தால்தான் அது தொழில். அதில் கடைசியாகச் சொன்னது நம் கையில் இருக்கிறது.

அன்று பஸ் ஸ்டாப்பில் அந்த அண்ணன் வண்டிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. உயிர் போகிற நேரத்தில் எழுத்து வேலை என்ன என்றுதான் நினைத்தேன். இப்போது புரிகிறது. நான் செய்ததற்கு நானே பொறுப்பு, யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்பதற்கு அடையாளம் அது. போலீஸ் வேனில் பின்னால் ஆளும் இல்லை, நோட்டும் இல்லை.

அடுத்த முறை உங்கள் முன்னால் ஒரு 108 வண்டி நின்றால், "தூக்கிப் போட்டு ஓடுங்க" என்று கத்தாதீர்கள் நண்பர்களே. ஒதுங்கி நின்று, அவர் என்ன செய்யச் சொல்கிறாரோ அதை மட்டும் செய்யுங்கள். அந்தச் சில நிமிடங்கள் வீண் இல்லை. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் ஹில் டிஸ்ட்ரிக்ட்டின் இளைஞர்கள்.